அப்பாவின் சிவப்புக் கொடி



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நான் பாடம் நடத்தும்போது கொட்டாவி விட்டவர்கள் இப்போதும் விடலாம், எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் ஜே.சி.பி. வைத்திருப்பவர்களும், ஓட்டுபவர்களும், ராத்திரியில் நத்தம் ரோட்டில் பைக்கில் போகிறவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் இருட்டுகிற நேரம். திண்டுக்கல்லில் வேலை முடிந்து பைக்கில் சாணார்பட்டிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன், முன்னால் போன மண் அள்ளும் இயந்திரத்தின் பின்பக்கம் மோதிவிட்டான். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். 'பையன்' என்று நான் சொன்னாலும் அவனுக்கே இரண்டு பிள்ளைகள். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன்.

அந்த இயந்திரத்தை ஓட்டியவனும் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன்தான். அதே வருஷம், அதே வகுப்பு. இரண்டு பேரும் ஜன்னல் ஓரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். பெயர்களை இங்கே எழுத மாட்டேன். தெரிந்தவர்களும் கீழே பெயர் போட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "பின்னாடி லைட்டே இல்ல டீச்சர். பக்கத்துல வந்தப்புறந்தான் பக்கெட்டே தெரிஞ்சுச்சு" என்றான். வெளியே வராந்தாவில் இன்னொருவன் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். "நான் மெதுவாத்தான் டீச்சர் போனேன். ஓரமாத்தான் போனேன்" என்றான்.

இருவர் சொன்னதும் உண்மை. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் என்று வண்டிக்கு எல்லா பேப்பரும் இருந்தன. பின்விளக்கு மட்டும் உடைந்து, அதன்மேல் சேறு அப்பியிருந்தது.

பேப்பர் எல்லாம் இருக்கிறது, விளக்கு இல்லை. இது எப்படி நடந்தது என்று யோசித்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது.

*ரோட்டு இன்ஜினும் பித்தளைக் குதிரையும்*

என் அப்பா ஹைவேஸில் ரோடு கேங்கில் வேலை பார்த்தவர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்த காலத்தில், நத்தம் ரோட்டில் ஜல்லி போட்டு உருட்ட நீராவி ரோடு ரோலர் வரும். நாங்கள் 'ரோட்டு இன்ஜின்' என்போம். அது வருகிறது என்றால் ஊரே திருவிழா பார்ப்பது போல ரோட்டுக்கு வந்துவிடும். முன்னால் ஒரு பெரிய உருளை, மேலே புகைபோக்கி, நெற்றியில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கிற பித்தளைக் குதிரை. பின்னால் தண்ணீர் வண்டி. ராத்திரி புளியமரத்தடியில் நிறுத்தினால் நாங்கள் போய்த் தொட்டுப் பார்ப்போம், சூடு ஆறியிருக்காது.

ஓர் இடத்தில் வேலை முடிந்து அடுத்த இடத்துக்கு இன்ஜின் கிளம்பும்போது, அதற்கு முன்னால் ஒருவர் சிவப்புத் துணி கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பல நாட்கள் அது என் அப்பா. வளைவு வந்தால் அவர் ஓடிப்போய் வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பார். மாட்டு வண்டி வந்தால் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்வார். புகையையும் சத்தத்தையும் பார்த்து மாடு மிரண்டு பள்ளத்தில் இறங்கிவிடும் என்பதற்காக.

"இன்ஜின்தான் ஆமை மாதிரி போகுதேப்பா, அதுக்கு எதுக்குக் கொடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்ஜின் நின்னுக்கும் கண்ணு. வர்றவன் நிக்க மாட்டான். கொடி அவனுக்கு" என்றார்.

அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. அவர் சொன்னது ஒரு சட்டத்தின் சாரம் என்று தெரிய எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

*கொடி எங்கிருந்து வந்தது?*

இங்கிலாந்தில் 1850-களில், 60-களில் நீராவி இன்ஜின்கள் பொதுச் சாலைக்கு அதிகமாக வர ஆரம்பித்தன. வயலில் கதிரடிக்க, கல் இழுக்க, பாரம் சுமக்க என்று பண்ணைக்குப் பண்ணை நகர்ந்தன. அவற்றின் உண்மையான வேலை வயலிலும் குவாரியிலும். சாலையில் போவது வேலைக்குப் போய்ச் சேருவதற்காக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1861-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 'லோகோமோட்டிவ் சட்டம்' கொண்டுவந்தது. அதில் சுங்கம், எடை, சக்கரம் பற்றிய விதிகள் நிறைய. வேகம் ஊருக்கு வெளியே மணிக்கு 10 மைல், ஊருக்குள் 5 மைல். நாலே வருஷத்தில், 1865-இல், இன்னும் கடுமையான சட்டம் வந்தது. வேகம் ஊருக்கு வெளியே 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டியோடு குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் 60 கஜம், அதாவது சுமார் 55 மீட்டர், முன்னால் சிவப்புக் கொடியோடு நடந்து, எதிரே குதிரையில் வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும். 'சிவப்புக் கொடிச் சட்டம்' என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வது இதைத்தான். மனிதன் நடக்கிற வேகத்துக்கு இன்ஜினை இறக்கிவிட்டார்கள், முன்னேற்றத்தைத் தடுத்தார்கள் என்று அதைக் கேலி செய்வார்கள். கேலியில் நியாயமும் உண்டு.

ஆனால் ஆபத்தும் கற்பனை இல்லை. 1869-இல் அயர்லாந்தில் மேரி வார்டு என்ற பெண்மணி, தன் உறவினர்கள் செய்த நீராவி வண்டியில் போகும்போது ஒரு திருப்பத்தில் கீழே விழுந்து, அதன் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நுண்ணோக்கியைப் பற்றிப் புத்தகம் எழுதிய அறிவியலாளர் அவர். இயந்திர வண்டியால் இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

1878-இல் கொடி கட்டாயம் இல்லை என்றார்கள். ஆனால் முன்னால் நடக்கிற ஆளை விடவில்லை. 60 கஜம் 20 கஜமாகக் குறைந்தது, அவ்வளவுதான். 1896-இல் எடை குறைந்த மோட்டார் வண்டிகளுக்கு விடுதலை கிடைத்தது. முன்னால் ஆள் வேண்டாம், மணிக்கு 14 மைல் வரை போகலாம். கனமான இன்ஜின்களுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. 1898-இல் அவற்றுக்குத் தனிச் சட்டமே போட்டார்கள்.

இங்கேதான் இரண்டு வழிகள் பிரிகின்றன. சாலையில் ஓடுவதற்கென்றே பிறந்த கார், பஸ், லாரி ஒரு வழி. வேறு வேலைக்காகப் பிறந்து, போகிற வழியில் சாலையை இரவல் வாங்குகிற இயந்திரங்கள் இன்னொரு வழி.

*நம் நாட்டுக்கு வந்த கதை*

சாலை போடும் நீராவி உருளையின் ஆரம்ப வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. 1863-இல் கல்கத்தா நகராட்சிப் பொறியாளர் கிளார்க் என்பவரும், பர்மிங்காமைச் சேர்ந்த பாத்தோ என்பவரும் சேர்ந்து கல்கத்தாவுக்காக ஒரு நீராவி உருளையை வடிவமைத்தார்கள். அதற்குப் பின் அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ரோச்செஸ்டர் என்ற ஊரில் தாமஸ் ஏவ்லிங் என்பவர் செய்த உருளைகள்தான் உலகமெங்கும் போயின. 'ஏவ்லிங் அண்ட் போர்ட்டர்' என்ற அந்தக் கம்பெனியின் சின்னம் என்ன தெரியுமா? கென்ட் மாவட்டத்தின் அடையாளமான, எழும்பி நிற்கும் குதிரை. நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்த பித்தளைக் குதிரை!

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கான சட்டம் 1914-இல் வந்தது, பிறகு 1939-இல், பிறகு இப்போது நடப்பில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் எந்தெந்த வகை வண்டிக்கு என்ற பட்டியலில் மோட்டார் சைக்கிள், இலகுரக வாகனம் என்று வரிசையாக வந்து, ரோடு ரோலருக்கென்று ஒரு தனி வரி இருக்கும். ஜே.சி.பி.க்கு அப்படித் தனி வரி இல்லை. அந்தச் சட்டம் எழுதியபோது கிராமச் சாலையில் அது இவ்வளவு ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை.

அந்த மஞ்சள் வண்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-இல் ஒரு சின்ன கொட்டகையில் டிராக்டருக்கு டிரெய்லர் செய்து தொழில் தொடங்கினார். முன்னால் அள்ளும் கரண்டி, பின்னால் தோண்டும் கை என்ற வண்டியை 1953-இல் செய்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் ஜே.சி.பி. 1979-இல் ஹரியானாவில் பல்லப்கட் என்ற ஊரில் தயாரிப்பு தொடங்கியது. இப்போது எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் ஊரில் அதன் பெயர் ஜே.சி.பி.தான். பேப்பர்காரர்கள் 'பொக்லைன்' என்று எழுதுவதும் இப்படித்தான். அது பிரான்ஸ் நாட்டு கம்பெனி ஒன்றின் பெயர்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிறுமலை அடிவாரத் தோட்டங்களில் கிணறு வெட்டுவது என்றால் ஒரு கூட்டமே கடப்பாரை, மண்வெட்டியோடு மாதக்கணக்கில் தங்கும். இன்றைக்கு மாந்தோப்புக்குக் குழி, வரப்பு, வாய்க்கால், வீட்டுக்கு வானம் தோண்டுவது எல்லாம் மணிக்கணக்கு வாடகையில் ஒரே பொழுதில் முடிகிறது. முதுகு ஒடிந்த வேலை போய்விட்டது. இந்த இயந்திரத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். குறை அது சாலையில் போகிற விதத்தில் இருக்கிறது.

*சண்டை எல்லாம் வரியைப் பற்றி*

இந்த இயந்திரங்கள் 'மோட்டார் வாகனமா, இல்லையா' என்று நம் நாட்டில் பெரிய பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன. ஒரிசாவின் இரும்புச் சுரங்கத்தில் ஓடிய டம்பர்களைப் பற்றிய போலானி ஓர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பு சொன்னது. வரி என்பது பொதுச் சாலையைப் பயன்படுத்துவதற்கான ஈடு, சுரங்க வளாகத்துக்குள் மட்டும் உழைக்கிற வண்டிக்கு அது பொருந்தாது என்று. 1992-இல் இன்னொரு வழக்கில், ரப்பர் சக்கரத்தில் சாலையில் ஓடக்கூடியதாக இருந்தால், மிகக் கனமானது என்பதற்காக அது மோட்டார் வாகனம் இல்லை என்று ஆகிவிடாது என்றார்கள். 2025-இல்கூட விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் ஓடிய வண்டிகளுக்கு வரி உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுச் சாலைக்கு வராத வண்டிக்கு வரி இல்லை என்று தீர்ப்பானது.

ஐம்பது வருஷமாக நீதிமன்றம் வரை போன கேள்வி 'யார் வரி கட்டுவது?' என்பது. 'எதிரே வருகிறவனுக்கு யார் சொல்வது?' என்ற கேள்விக்கு அவ்வளவு பெரிய வழக்கு நடந்ததாக நான் படிக்கவில்லை.

அதற்காக விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'கட்டுமானக் கருவி வாகனம்' என்று ஒரு தனி வகையைச் சேர்த்தார்கள். ரப்பர் டயரிலோ இரும்பு உருளையிலோ தானாக ஓடுகிற தோண்டும் இயந்திரம், அள்ளும் இயந்திரம், உருளை, டம்பர், கிரேன் எல்லாம் அதில் அடங்கும். அதன் விளக்கத்தில் ஓர் அருமையான கருத்து இருக்கிறது. இந்த வண்டி சாலையில் ஓடுவது அதன் முக்கிய வேலைக்கு இடையில் தற்செயலாக வருவது, குறுகிய நேரத்துக்கு மட்டும், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் என்று. ஆங்கிலேயர் 1865-இல் புரிந்துகொண்டது இதுதான். சாலை இதற்குச் சொந்த வீடு இல்லை.

சங்கிலிச் சக்கரத்தில் ஊர்கிற 'ஹிட்டாச்சி' வகை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதை லாரி டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மற்ற வாகனங்களுக்கு அகலம் 2.6 மீட்டர் என்றால், கட்டுமான வண்டிக்கு ஓடும்போது 3 மீட்டர் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 2.6-ஐ மீறி நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிக்கு முன்னும் பின்னும் மஞ்சள் கறுப்புப் பட்டை அடிக்க வேண்டும், இரவில் சிவப்பு விளக்கு காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல், புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 160 என்ற பாதுகாப்புத் தரம் வந்திருக்கிறது. ஓட்டுபவரின் பார்வை எவ்வளவு தூரம் மறையலாம், பிரேக் எப்படி இருக்க வேண்டும், வண்டி நகரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணி என்று எல்லாம் அதில் உண்டு.

அப்பாவின் கொடி இப்போது பட்டையாகவும் விளக்காகவும் மணியாகவும் மாறி விதிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பதிவுக்கு ஒரு ஆபீஸ் உண்டு, வரிக்கு ஒரு கவுண்டர் உண்டு, இன்சூரன்ஸுக்கு ஏஜென்ட் வீட்டுக்கே வருவார். உடைந்த பின்விளக்குக்கு யாரும் வருவதில்லை. அதனால்தான் என் மாணவனின் வண்டியில் பேப்பர் எல்லாம் இருந்தது, விளக்கு இல்லை.

*ஒரு சின்ன கணக்கு*

சரி, நோட்டை எடுங்கள். பைக் மணிக்கு 60 கிலோமீட்டர். முன்னால் போகிற இயந்திரம் 20 கிலோமீட்டர். வித்தியாசம் 40. அதாவது விநாடிக்கு சுமார் 11 மீட்டர் வீதம் இடைவெளி குறைகிறது. விளக்கு இல்லாத, சேறு படிந்த பக்கெட், எதிரே வருகிற பஸ் வெளிச்சத்தில் கண் கூசும்போது, 33 மீட்டரில் தெரிகிறது என்று வையுங்கள். மோதுவதற்கு இருப்பது 3 விநாடி. அதில் ஒரு விநாடி 'என்ன அது?' என்று யோசிப்பதற்கே போய்விடும். ஒரு சிவப்பு விளக்கு எரிந்து 110 மீட்டரில் தெரிந்திருந்தால் 10 விநாடி.

"நான் மெதுவாத்தான் போனேன்" என்று அவன் சொன்னதில்தான் ஆபத்தே இருக்கிறது. மற்றவர்கள் வேகமாகப் போகிற சாலையில் மெதுவாகப் போகிறவன்தான் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜின் நின்றுகொள்ளும், வருகிறவன் நிற்க மாட்டான்.

அந்த நேரத்தில் ஏன் ரோட்டில் போனாய் என்று கேட்டேன். வெளிச்சம் இருக்கிறவரை வேலை. வண்டியிலுள்ள மீட்டர் ஓடினால்தான் வாடகை. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போகிற நேரத்துக்குப் பணம் கிடையாது. அதனால் இருட்டிய பிறகுதான் நகர்கிறார்கள். ஓனர் அவசரப்படுத்துகிறார், தோட்டக்காரர் காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டும் என்கிறார். அந்தத் தோட்டக்காரர்களில் நம் உறவினர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படி அவசரப்படுத்தியிருக்கிறேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

*உங்களிடம் கேட்பது*

வண்டி வைத்திருக்கும் மாணவர்களே: பின்விளக்கு, இண்டிகேட்டர், மேலே சுழலும் மஞ்சள் விளக்கு, பின்கைக்கும் பக்கவாட்டுக்கும் ஒளிரும் ஸ்டிக்கர் இவற்றைப் பாருங்கள். மொத்தச் செலவு சில மணி நேர வாடகைக்குள் அடங்கிவிடும். ஊர் மாறும் நேரத்துக்கும் ஆபரேட்டருக்குக் கூலி கொடுங்கள். அப்போது அவன் பகலில் நகர்வான்.

ஓட்டுகிற மாணவர்களே: ரோட்டில் ஏறும் முன் பின்கையை மடக்கி லாக் போடுங்கள். நிலத்தில் ஊன்றும் கால்களை முழுதாகத் தூக்குங்கள். முன்பக்கெட் உங்கள் பார்வையையும் ஹெட்லைட்டையும் மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். இடது, வலது என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து மாட்டுங்கள். வயலில் திரும்புவதற்கு ஒரு பக்கம் மட்டும் மிதிப்பது உதவும், ரோட்டில் அது வண்டியையே இழுத்துத் திருப்பிவிடும். சேறு படிந்த விளக்கை ஒரு துணியால் துடையுங்கள். அரை நிமிஷம் ஆகும்.

பைக்கில் போகிறவர்களே: ஹெல்மெட். நூறு தடவை சொல்லியாகிவிட்டது. இருட்டில் வேகம் என்பது உங்கள் விளக்கு காட்டுகிற தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம்தான்.

தோட்டம் வைத்திருக்கும் உறவுகளே: ஆறு மணிக்கு வேண்டாம், எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள்.

நாலாம் வகுப்பில் 'இடப்பக்கம் செல்க' என்று உங்களை எழுந்து நின்று சொல்லச் சொன்னேன். அவன் இடப்பக்கம்தான் போனான். நான் சொல்லிக் கொடுத்தது போதவில்லை. மீதியை இப்போது எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு பேரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கேஸ் நடக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இவன் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோய் வெளியே நின்றானாம். அவன் மனைவி வாங்கிக்கொண்டாளாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அப்பாவின் கொடியைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அம்மா எப்போதோ அடுப்பில் பாத்திரம் இறக்கக் கரித்துணியாக்கியிருப்பாள்.

நத்தம் ரோட்டில் ரோட்டு இன்ஜின் பார்த்த ஞாபகம் உள்ள பெரியவர்கள் கீழே எழுதுங்கள். வண்டிக்கு விளக்கு மாட்டியவர்கள் ஒரு போட்டோ போடுங்கள். டீச்சர் மார்க் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாணார்பட்டி